‘அவனேதான்’னு எழுதச் சொன்னாங்க

இத எழுதாம உட்டுப்போடலாம்னுதான் இருந்தேன். படிக்கறவங்களுக்கு வேற சோலி இல்லையாக்கும்னு போனை எடுக்கறதும் கீழ வெக்கறதுமா ஒரு வாரம் போச்சு. பயம் வேற. எங்க கம்பெனி ஆளு யாராச்சும் இதப் படிச்சுப்போட்டு மொதலாளியோட மருமகன், எங்க மாப்பிள்ளை சார்கிட்ட வத்தி வெச்சுட்டா? அதுக்கும் நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். மாப்பிள்ளை சார் ஊட்டிப் பக்கம் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவரு. தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. பஸ்ஸு போர்டப் படிக்கறதுக்குள்ள பஸ்ஸு அவிநாசி போய்ச் சேந்துரும். இத்தன நீளத்தக் கூட்டி முடிக்க அவருக்கு எங்க பொறுமை இருக்குது? அந்தத் தைரியத்துலதான் எழுதறேன்.

எனக்குப் ப்ளஸ் டூல இங்கிலீஷ் போச்சுங்க. மத்ததும்தான் போச்சு, ஆனா இங்கிலீஷ்னு மட்டும் சொன்னாக் கொஞ்சம் கவுரவமா இருக்குது. அப்பறம் எங்க ஊரு நெருப்பெரிச்சல்ல ஊட்டுக்குப் பக்கத்துலயே ஒரு பனியன் கம்பெனில சேந்துட்டேன். மெர்ச்சண்டைசிங் செக்‌ஷன்ல எடுபிடி. சாயம் போடற டையிங்குக்குத் துணி பிட்டு கொண்டுபோய்க் குடுக்கறது, காதர்பேட்டைல பட்டனும் லேபிளும் வாங்கியாறது, கூரியர்க்காரன்கூடச் சண்ட போடறது. கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. இன்டர்வியூவுக்கு வர்ற பசங்க எல்லாமே கேட்டுல நின்னு "மைசெல்ஃப்"னுதான் ஆரம்பிப்பாங்க. நான் போயி செக்யூரிட்டி அண்ணன் முன்னால நெஞ்சத் தொட்டுட்டு, "சார், மைசெல்ஃப் கலெக்டரு, உள்ள உடுங்க"ம்பேன். அவரும் தடியத் தூக்குவாரு. அந்த மைசெல்ஃப், ஹிம்செல்ஃப் எல்லாம் எனக்கு அத்தன நாளும் வெளையாட்டுச் சாமான்தான். அதுல ஒண்ணு ஒரு ஆளோட சோத்துல கை வெக்கும்னு தெரியாது.

எனக்கு அங்க ஒரே ஒரு கூட்டாளி. மதுரைப் பக்கத்துக்காரன். டையிங்ல இருந்து வர்ற துணிய, ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுப் பையர் ஓகே பண்ணி அனுப்புன பிட்டோட வெச்சுப் பாத்து, நெறம் ஒண்ணா இருக்குதான்னு சொல்றவன் அவன்தான். அதுக்குன்னு ஆபீஸ்ல லைட் பாக்ஸ்னு ஒண்ணு இருக்குது. டிவிப் பொட்டியாட்டம் இருக்கும், உள்ளார நாலஞ்சு தினுசு லைட்டு. ரெண்டு துணியையும் உள்ள வெச்சு ஒவ்வொரு லைட்டாப் போட்டுப் பாத்து, சரியா இருந்தா ஒரு அட்டைல பிட்ட ஒட்டிக் கையெழுத்துப் போடுவான். அவன் கையெழுத்து இல்லாம கட்டிங் மாஸ்டர் துணிய விரிக்க மாட்டாரு.

நாங்க பேசிக்கறதப் பாத்தா எதிரிங்கன்னுதான் நெனப்பீங்க.

"ஏன்டா, ஒங்க ஊருல நாயக்கூட வாங்க போங்கன்னுதான் வெரட்டுவாய்ங்களா?" அப்படிம்பான்.

"ஆமாங்க, மதுரைல இருந்து வர்ற நாயா இருந்தா மட்டும் வாடா போடாங்க" அப்படிம்பேன்.

அவன் அக்கா மகளுக்குக் காது குத்தற விசேசம் வந்துச்சு. தாய்மாமன் மடில உக்கார வெச்சுத்தான குத்தோணும், அதனால லீவு போட்டுட்டு ஊருக்குப் போனான். போகையில, "என் பொட்டியத் தொட்டுறாத, தொட்டா வந்து கைய ஒடிப்பேன்"னு லைட் பாக்ஸக் காட்டிச் சொல்லிட்டுப் போனான். அவன் போன மக்காநாளு காலைலதான் அந்த மெயில் வந்துச்சு.

மெயில் எல்லாம் வழக்கமா எங்க மெர்ச்சண்டைசர் அக்காதான் பாக்கும். அக்காவுக்குக் கொழந்த பொறந்து லீவுல இருந்துச்சு. அதனால அது சேர்ல நான். பழைய மெயிலத் தேடி எடுத்து, அதுல நாலு வார்த்தைய மாத்தி அனுப்பறதுதான் என்ற இங்கிலீஷ். அக்கா போகையில ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு: "கண்ணு, எதுக்கும் 'ஐ' போட்டுறாத. நம்ம கம்பெனில எல்லாத்துக்கும் 'வி'தான். துணி வந்தாலும் வி, வரலீனாலும் வி. மொதலாளிக்கு நான், நான்னு சொல்றது புடிக்காது."

அது நெசந்தானுங்க. மொதலாளி அய்யா தானாப் பண்ணுனதக்கூட "நம்ம பண்ணுனம்"னுதான் சொல்லுவாரு. இந்தக் கம்பெனிய ஒத்தையாளா ஆரம்பிச்சவரு, கேட்டா "நாம சித்த சிரமப்பட்டம்"பாரு. அந்தப் பேச்சு அப்படியே மெயிலுக்கும் வந்துருச்சு. பட்டன் கலர் மாறுனாலும் வி, பார்சல் லேட்டானாலும் வி. யாரு பண்ணுனாங்கன்னு வெளிய தெரியவே தெரியாது. எனக்கு அது நல்ல கெட்டிக் கம்பளியாட்டம் இருந்துச்சு. இழுத்துப் போத்திக்கலாம்.

அன்னைக்கு மெயில் அனுப்புன பையரம்மா அந்தக் கம்பளிய ஒரே இழுப்புல இழுத்துப்போட்டுது. கொழந்தைங்க பனியன், சந்தனக் கலர். தெச்சு முடிச்ச பீஸு கொஞ்சம் சாம்பிளா அனுப்பியிருந்தோம். அது எழுதியிருந்துச்சு: பீஸு எல்லாம் நாங்க ஓகே பண்ணுன கலர்ல இல்ல, செவப்பு தூக்கலா இருக்குது, இத யாரு பாத்து சரின்னு சொன்னாங்க, ஆளச் சொல்லுங்க. ‘வி’ன்னு வர்ற பதில் வேண்டாம்னு அதையும் சேத்து எழுதியிருந்துச்சு. இத்தன வருசமா வாங்குன வி எல்லாம் அதுக்குச் சலிச்சுப் போச்சாட்ட இருக்குது.

ஓடிப்போயி ஒரு பீஸ எடுத்தாந்து லைட் பாக்ஸுக்குள்ள வெச்சேன். அவன் கை ஒடிச்சாலும் பரவால்லைன்னு. பாத்தா பையரம்மா சொன்னது சரிதானுங்க. பிட்டு சந்தனம், பீஸு சந்தனத்துல குங்குமம் கலந்த மாதிரி.  அந்தத் துணிய சரின்னு சொன்ன அன்னைக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன்.

அன்னைக்கு கரண்ட் ஷட் டவுன். மிசினெல்லாம் ஜெனரேட்டர்ல ஓடுது, ஆனா ஆபீஸுக்கு அந்த லைன் இல்ல. லைட் பாக்ஸு செத்துக் கெடக்குது. வாசல்ல டையிங் டெம்போ வந்து நின்னுட்டு ஆரன அமுக்கறான். துணி சரின்னு சொன்னாத்தான் எறக்குவான், இல்லீனா அப்படியே திருப்பிக் கொண்டுபோகோணும். கூட்டாளி சொன்னான்: "கரண்ட் வரட்டும் சார், பொட்டியில வச்சுப் பாத்துக்கிருவோம்."

மாப்பிள்ளை சாருக்கு அவசரம். கம்பெனிய இப்ப அவருதான் பாக்கறாரு. "சாயங்காலந்தான் வரும் கரண்ட். கட்டிங் டேபிள் காலியா கெடக்குது. இங்கயே வெச்சுப் பாரு. ஒண்ணாத்தான இருக்கு?"

வாசல்லயே பாத்தோம். நான் பிட்டப் புடிச்சுக்கிட்டேன், அவன் துணியப் புடிச்சுக்கிட்டான், மாப்பிள்ளை சாரும் குனிஞ்சு பாத்தாரு. சும்மா இருக்க முடியாம நான் வேற, "பொண்ணு பாக்கப் போனவனாட்டம் ஓரக்கண்ணுல பாக்காத பங்காளி, நேராப் பாரு"ன்னேன். அவன் முறைச்சான். நல்லாத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "ஒண்ணாத்தேன் சார் தெரியுது"ன்னான். எனக்கும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. மாப்பிள்ளை சார் டெம்போவப் பாத்து "எறக்குப்பா"ன்னு கைய ஆட்டிட்டு, "சைன் பண்ணிரு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அவன் கையெழுத்துப் போட்டான்.

துணிய வெட்டி, தெச்சு, மடிச்சு அடுக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. எல்லாப் பீஸும் ஒட்டுக்காச் செவந்திருந்தா எது செவப்புன்னு எப்படித் தெரியும்?

மெயில மாப்பிள்ளை சார்கிட்டக் காட்டுனேன். போன்லயே படிச்சாரு. மூஞ்சில ஒண்ணும் மாறல. "ஆளைத்தான கேக்கறாங்க, சொல்லிரு. எழுது: ஹி ஹிம்செல்ஃப் அப்ரூவ்டு."

எனக்குப் புரிஞ்சும் புரியாத மாதிரி, "ஹின்னா யாருங்க சார்?"ன்னேன்.

"கார்டுல யார் சைன்? அவன்தான்."

"சார், அன்னைக்குக் கரண்ட் இல்லீங்களே, வாசல்ல வெச்சு நாம..."

"நீ கதை எழுதாத. ஒன் லைன். அந்த ஹிம்செல்ஃப் கண்டிப்பா இருக்கணும். அப்பதான் நம்ம மேல வராது. அங்க அவங்க எழுந்திரிக்கறதுக்குள்ள போயிரணும். அனுப்பறதுக்கு முன்னால எனக்குக் காட்டு."

அவங்க ஊர்ல விடியறப்ப நமக்கு மத்தியானம். அதுக்குள்ள அனுப்போணும். நான் போயி அக்கா சேர்ல உக்காந்தேன். 

‘ஹி அப்ரூவ்டு’ன்னு அடிச்சேன். பாத்தேன். அதுவே ஆள அடிக்கற மாதிரிதான் இருந்துச்சு. அந்த ஹிம்செல்ஃப் எதுக்குன்னு போன்ல தேடுனேன். ஒரு பாடத்துல போட்டிருந்தாங்க: அத எடுத்துப்போட்டாலும் வாக்கியம் நிக்கும், அழுத்திச் சொல்றதுக்கு மட்டுந்தான் சேக்கறதுன்னு. நானும் சேத்துப் பாத்தேன், எடுத்துப் பாத்தேன். ஆமா, எடுத்தாலும் நிக்குது. அப்ப அதுக்கு வேற வேலையே இல்ல. ஆளப் புடிச்சு அமுக்கறதுதான் அதோட வேலை.

நம்ம பேச்சுல இல்லாததா? பள்ளிக்கூடத்துல ஃபேன் சுச்ச ஒடச்சது யாருன்னு வாத்தியாரு கேட்டா, "இவன் சார்"னு ஒருத்தன் சொல்லுவான். அதுக்கு ஒரு அடி உழுகும். "இவனேதான் சார்"னு இன்னொருத்தன் சொல்லுவான் பாருங்க, அதுக்குத்தான் தோல் உரியும். "இவனேதான்"னா கூட நின்ன மத்தவனெல்லாம் தப்பிச்சுட்டான்னு அர்த்தம். மாப்பிள்ளை சாருக்கு வேண்டியது அந்த ‘ஏதான்’ மட்டுந்தான்.

அந்த மெயில் போச்சுன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பையர் ஆளு பேரக் கேட்டா கம்பெனில ஆள வேலைய உட்டுத் தாட்டி உட்டுருவாங்க. அதோட முடியாது. நெறம் பாக்கறவனுக்குக் கண்ணுதான முதல். "அவன் பாத்த துணி செவந்து போச்சாமா"ன்னு ஒரு பேச்சுக் கெளம்புனா, டையிங்குக்காரனும் எக்ஸ்போர்ட்டுக்காரனும் ஒரே டீக்கடைல நின்னு பேசறவங்க, பொழுது சாயறதுக்குள்ள சோமனூர் வரைக்கும் போயிரும். அப்பறம் யாரும் அவனக் கூப்பிட மாட்டாங்க. மறுபடி ஹெல்பரா மூட்டை தூக்கறதுல இருந்துதான் வரோணும். இங்க இப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரியாம அவன் அங்க புது வேட்டி கட்டிட்டு அக்கா மகள மடில வெச்சுட்டு உக்காந்திருப்பான். காலைலதான் போட்டோ அனுப்பியிருந்தான். கொழந்த அழுகுது, அவன் அதுக்கு மேல அழுகற மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கான். அதுக்கு நான் "காது யாருக்குக் குத்தறாங்க?"ன்னு கேட்டு அனுப்பியிருந்தேன். இந்த மெயில் வர்றதுக்கு முன்னால.

போன் பண்ணிச் சொல்லிரலாமான்னு எடுத்தேன். சொல்லி? அவன் விசேசத்த உட்டுப்போட்டு பஸ் ஏறுவான். வந்து சேர்றதுக்குள்ள மெயில் போயிருக்கும். வெச்சுட்டேன்.

அப்பறம் ‘ஐ மைசெல்ஃப்’னு அடிச்சுப் பாத்தேன். ச்சீ, பெரிய தியாகின்னு நெனச்சுக்காதீங்க.  எங்கப்பா இதே கம்பெனில துணி தேக்கற ஐயனிங் டேபிள்ல நிக்கறாரு, நான் வெளிய போனா அவரு எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிப்பாரு? அதுவுமில்லாம அது பொய்யி. நான் எங்க அப்ரூவ் பண்ணுனேன்? நான் ஜோக்கடிச்சேன். அதையும் அழிச்சேன்.

வெறும் ‘வி’ போட்டேன். பையரம்மா அது வேண்டாம்னு சொல்லிருச்சே. அழிச்சேன்.

டீ வந்துச்சு, ஆறிப்போச்சு. டீ கொண்டாந்த அண்ணன், "என்ன கலெக்டரே, பேச்சுமூச்சக் காணம்?"னாரு. நான் ஸ்கிரீனையே பாத்துட்டிருந்தேன். அவருக்கே பயமாயிருச்சு, "காய்ச்சலா கண்ணு?"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாரு.

கடைசில ஒண்ணு அடிச்சேன். ‘வி அவர்செல்வ்ஸ் சா த ஷேடு. அட் டோர். நோ கரண்ட். நோ லைட் பாக்ஸ். த்ரீ பெர்சன் சா. ஆல் சே ஓகே.’ தப்பும் தவறுமாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு நடந்தது அதுதான்: வாசல்ல, பொட்டி இல்லாம, நாங்களேதான் பாத்தோம், மூணு பேரும் சரின்னோம். அழுத்தித்தான் சொல்லோணும்னா நின்ன மூணு பேரு மேலயும் அழுத்தட்டும்னு பட்டுச்சு.

அதப் பாத்துட்டே உக்காந்திருக்கேன், மாடிப்படில ஷூ சத்தம். மாப்பிள்ளை சார் ஒருத்தருதான் எங்க கம்பெனில ஷூ போடுவாரு. டக்கு டக்குன்னு ஏறி வர்றாரு. அவரு வந்து பாத்தா மாத்தச் சொல்லுவாரு. மாத்தச் சொன்னா நான் மாத்திருவேன். என்னைய எனக்குத் தெரியுமுங்க. பேச்சுலதான் நான் புலி. அவரு எதுக்க நின்னு "எழுது"ன்னா ஹிம்செல்ஃப ரெண்டு தடவகூடப் போட்டுருவேன். அந்தப் பயத்துலதான் பட்டன அமுக்குனேன். தைரியத்துல இல்ல.

கதவத் தொறந்துட்டு வந்தாரு. "எங்க, காட்டு."

"போயிருச்சுங்க சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"கை பட்டுருச்சுங்க சார்."

குனிஞ்சு படிச்சாரு. சென்ட் வாசம் அடிச்சுது. படிச்சு முடிச்சுட்டு அவரு ஒண்ணும் திட்டல. விரல மட்டும் ஸ்கிரீன்ல வெச்சு, மேல இருந்த ஒரு எடத்தத் தொட்டாரு. அப்பத்தான் நானும் பாத்தேன். அக்காவோட பழைய மெயில எடுத்து அதுலயே நான் பதில் அடிச்சதுனால, அதுல காப்பிக்குன்னு இருந்த மொதலாளி அய்யாவோட ஐடிக்கும் அது போயிருக்குது. 

மொதலாளி காலைல தோட்டத்துல இருப்பாரு, மத்தியானம் சோறு உண்டுட்டுத்தான் கம்பெனிக்கு வருவாரு. அது வரைக்கும் நான் எப்படி உக்காந்திருந்தேன்னு எனக்கே நெனப்பில்ல. கட்டிங் சத்தம், மிசின் சத்தம், ஒடிசாப் பசங்க பாட்டு, எல்லாம் எங்கயோ தூரத்துல கேக்குது. கீழ ஐயனிங்ல எங்கப்பா ஆவிக்குள்ள நிக்கறது கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. அந்தப் பக்கம் பாக்காம திரும்பி உக்காந்துக்கிட்டேன்.

கூப்பிட்டு உட்டாரு. உள்ள போனா, "வா கண்ணு, உக்காரு"ன்னாரு. அந்த ரூம்ல எங்களையெல்லாம் யாரும் உக்காரச் சொன்னதில்ல.  "இருக்கட்டுங்கய்யா, நிக்கறனுங்க."

மாப்பிள்ளை சார் சன்னல் பக்கம் திரும்பிட்டு போனத் தள்ளிட்டிருந்தாரு. மொதலாளி கண்ணாடியப் போட்டுட்டு, போனக் கைநீட்டத் தூரத்துல வெச்சுப் படிச்சாரு. அவரோடது காதர்பேட்டை இங்கிலீஷ், ஆனா ஒரு வார்த்தையும் உட மாட்டாரு.

"இதுல அவர்செல்வ்ஸ்னு போட்டிருக்கறயே, யாரு யாருப்பா அது?"

"அது... மூணு பேருங்கய்யா."

"அது தெரியுது. யாரு யாரு?"

"நெறம் பாக்கற மதுரைக்காரன் ஒண்ணுங்க. நான் ஒண்ணுங்க."

"மூணாவது?"

 சுவத்துல இருந்த காலண்டரப் பாத்தேன்.  "மாப்பிள்ளைங்க"ன்னேன். எனக்கே கேக்கல.

மாப்பிள்ளை சார் திரும்புனாரு. "மாமா, நான் அந்த வழியாப் போனேன், சும்மா நின்னேன். கலர் பாக்க வேண்டியது அவன். சைன் அவனேதான் போட்டிருக்கான். தப்பாப் பாத்திருக்கான், அவ்வளவுதான்."

மொதலாளி யாரையும் பாக்கல. போன மேசைல வெச்சாரு. "செரி. எங்க நின்னு பாத்தீங்களோ அங்கயே போயிப் பாக்கலாம், வாங்க."

வாசலுக்கு வந்தோம். அவரு ஒரு கைல பிட்டு, ஒரு கைல பீஸு. ரெண்டையும் சேத்துப் புடிச்சாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ரெண்டும் ஒண்ணா இருக்குது! காலைல பொட்டிக்குள்ள எனக்கே தெரிஞ்ச செவப்பு இப்ப எங்க போச்சு? மாத்தி மாத்திப் புடிச்சாரு, அப்பவும் ஒண்ணாத்தான் இருக்குது.

மாப்பிள்ளை சார் லேசாச் சிரிச்சாரு. "பாருங்க மாமா, மேட்ச்சிங்தான். பையர்தான் சும்மா ஏதோ சாக்குச் சொல்றாங்க."

சித்த முன்னாலதான் "தப்பாப் பாத்திருக்கான்"னாரு, இப்ப மேட்ச்சிங்னாரு. வேற நாளா இருந்தா இத வெச்சு ஒரு மாசத்துக்குச் சிரிச்சிருப்பேன். அன்னைக்குச் சிரிப்பு வரல. மொதலாளிய, மாப்பிள்ளைய, பையர, எல்லாத்தையும் நான் ஒரு மெயில்ல கோத்து உட்டுருக்கேன், துணியப் பாத்தா ஒண்ணுமே இல்லைங்குது. இனி அவனோட சேத்து நானும் போகோணும், பின்னாலயே எங்கப்பாவும் வருவாருன்னு நெனச்சேன்.

அப்ப மொதலாளி போன் அடிச்சுது. தகரக் கூரைய ஒட்டி நின்னா சிக்னல் கிடைக்காது. துணிய ரெண்டையும் கைலயே புடிச்சுட்டு, "சொல்லு சாமி"ன்னுட்டே வெளிய களத்துக்கு எறங்குனாரு. தோட்டத்து மோட்டார் ஓடலையாட்ட இருக்குது, ஃபியூஸப் பாரு, ஸ்டார்ட்டரப் பாருன்னு பேசறாரு. நான் அவரு கையவே பாத்துட்டு நின்னேன். வெயில் நேரா உழுகுது. ஒரு துணி சந்தனம். இன்னொண்ணு செவந்து கெடக்குது. தொண்டை வரைக்கும் வந்துருச்சு, ஆனா மொதலாளி போன் பேசறப்ப யாரு குறுக்க பேசறது? மோட்டார்க்காரன் வேற பேச்ச நிறுத்த மாட்டேங்கறான்.

பேசிட்டே அவரு குனிஞ்சு கையப் பாத்தாரு. பேச்சு பாதில நின்னுச்சு.

"பொறவு பேசறேன் சாமி."

நடந்து உள்ள வந்தாரு. பாத்தாரு, ஒண்ணா இருந்துச்சு. வெளிய எறங்குனாரு, வேற வேற. மறுபடி உள்ள வந்து நின்னு, தலைய நிமித்தி மேல பாத்தாரு. நாங்களும் பாத்தோம். வாசலுக்கு மேல மழைச் சாரலுக்குன்னு ஒரு தார்ப்பாய் கட்டியிருந்துச்சு. நல்ல நீலம். வெயில் அதுல எறங்கி, கீழ நிக்கறவங்க கை, மூஞ்சி, மொதலாளியோட வெள்ள வேட்டி எல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்குது. தெனமும் அதுக்கு அடியிலதான் போறோம் வாரோம், ஒருத்தரும் தல நிமிந்து பாத்ததில்ல. அந்த நீலந்தான் செவப்பத் தின்னுபோட்டுது.

 செக்யூரிட்டி அண்ணன்கூட எந்திரிச்சு நின்னுட்டாரு.

"இந்தப் பாயி யாரு கட்டச் சொன்னதுங்க மாப்பிள்ளை?"

"நான்தான் மாமா. சாரல் அடிச்சுது."

"நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கீங்க. இப்பக் கழட்டச் சொல்லிருங்க."

அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. அப்பறம் என்ற பக்கம் திரும்புனாரு. "கண்ணு, அந்தம்மாவுக்கு எழுதிரு. வாசல்ல பாத்தது எங்க தப்பு, வேற துணி ஓட்டித் தைச்சுத் தர்றம்னு. நாமன்னே போடு. இப்ப நானும் அதுக்கடியில நின்னு பாத்து ஏமாந்துட்டேன்ல, என்னையும் சேத்துக்க."

"செரிங்கய்யா."

"அந்தப் பையன் எப்ப வாரான்?"

"திங்கக்கெழமைங்கய்யா."

"வரட்டும். இனிமே கரண்ட் இல்லாம கையெழுத்துப் போடச் சொன்னா, யாரு சொன்னாலும் போட வேண்டாம்னு சொல்லிரு. நான் சொன்னாலும்."

மொதலாளி உள்ள போயிட்டாரு. ரெண்டு பசங்க ஏணியக் கொண்டாந்து கயித்த அறுத்தாங்க. பாயி சரிஞ்சு உழுந்துச்சு, வாசல்ல பளீர்னு வெயில். அவன் வேலை தப்பிச்சுதுன்னு நெஞ்சுல இருந்து ஒரு மூட்டை எறங்குச்சு. எறங்குன மறு நிமிசமே, மாப்பிள்ளை சார் என்ற பக்கத்துல வந்து நின்னாரு. சேந்த நாள்ல இருந்து அவரு என்னைய நீ, வா, போன்னுதான் கூப்பிடுவாரு. நாங்களும் அதப் பெருசா எடுத்துக்கறதில்ல.

"உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருதுங்களே"ன்னாரு.

சிரிச்சுட்டேதான் சொன்னாரு. தோள்ல ஒரு தூசியத் தட்டி உட்டாரு. எங்க ஊர்ல ‘ங்க’வுக்குப் பஞ்சமில்ல, தெனமும் ஆயிரம் ‘ங்க’ கேக்கறவன்தான் நான். ஆனா அந்த ‘உங்களுக்கு’க்கு முதுகுத்தண்டு ஜில்லுன்னு ஆனது இன்னும் போகல. மக்காநாளும் "வாங்க"ன்னாரு. அதுக்கு மக்காநாளு, "அக்கா லீவு முடிஞ்சு சீக்கிரம் வந்துருவாங்க, நீங்க அப்பறம் என்ன பண்ணப்போறீங்க?"ன்னு ரொம்ப அக்கறையாக் கேட்டாரு. எங்கப்பாகிட்டப் போயி, "வயசாயிருச்சு, நீங்க இன்னும் நின்னுட்டே வேலை பாக்கறீங்களே"ன்னாராமா. அப்பா அதச் சந்தோசமா ஊட்டுல வந்து சொன்னாரு, மாப்பிள்ளை எத்தன தன்மையான மனுசன்னு. அது வேலைய உட்டுப் போகச் சொல்றதுக்கு அச்சாரம்னு அவருகிட்ட நான் எப்படிச் சொல்றது? நான் இப்ப கம்பெனில யாரையும் கிண்டல் பண்றதில்ல. செக்யூரிட்டி அண்ணனே கூப்பிட்டு, "கலெக்டரே, ஒரு மைசெல்ஃப் சொல்லேன்"னு கேக்கறாரு. வாய் வரமாட்டேங்குது.

கூட்டாளிகிட்ட மட்டும் பழைய மாதிரியே இருந்துரோணும்னு பாத்தேன். ஞாயித்துக்கெழமை உக்காந்து எல்லாத்தையும் வாட்ஸப்ல எழுதுனேன். மெயில் வந்தது, ஹிம்செல்ஃப், ஷூ சத்தம், மோட்டார்க்காரன், தார்ப்பாய், ஒண்ணு உடாம. மாப்பிள்ளை சார் வாங்க போங்கங்கறதையும் சிரிப்பாவே எழுதுனேன். கடைசில, "உன்ற வேலையக் காப்பாத்துனது நானேதான், வரும்போது கறிச்சோறு கட்டிட்டு வா, வெறுங்கையோட வந்தா கேட்டுக்குள்ள உட மாட்டேன்"னு போட்டேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு. ரொம்ப நேரம் ‘டைப்பிங்’னு காட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி காட்டுச்சு. என்னமோ பெருசா வையப்போறான், இல்லீனா அழுகப்போறான்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு வரிதான் வந்துச்சு.

"அதெல்லாம் சரிடா, இப்ப ஒனக்கு வேல இருக்கா?"